மைசூரில் அறை எடுக்கும் முன்

தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வரும் பல குடும்பங்களுக்கு ஊர் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. காலையில் சாமுண்டி மலை, பத்து மணிக்கு அரண்மனை, மதியம் மிருகக்காட்சி சாலை, மாலையில் கிருஷ்ணராஜ சாகர் அணைப் பூங்கா, இரவே ஊட்டிக்கோ பெங்களூருக்கோ வண்டி. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்ற நிறைவோடுதான் திரும்புகிறார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் பேசிய மைசூர்க்காரர் யார் என்று எண்ணிப் பார்த்தால், டிக்கெட் கிழித்தவரும் ஆட்டோ ஓட்டியவரும்தான் மிஞ்சுவார்கள்.

இரண்டு இரவு தங்க முடிந்தவருக்கு இந்த ஊர் வேறு. ஆனால் அதற்கு அறையைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்ற வேண்டும். ‘அரண்மனைக்குப் பக்கத்தில் கிடைக்குமா?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பகல் பத்து மணி முதல் மாலை ஐந்து வரை எங்கே அறை எடுத்தவரும் அதே அரண்மனையில், அதே மிருகக்காட்சி சாலையில்தான் நிற்கப்போகிறார். ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர் போல. மேற்கே கோகுலத்திலிருந்து வந்தாலும் ஆட்டோவில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆகவே தூரம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் காலாற நடந்தால் எந்தத் தெருவில் இருப்போம் என்பதே கேள்வி. அறை தீர்மானிப்பது அந்த இரண்டு வேளைகளைத்தான்.

மைசூர் இப்படிப் பேட்டை பேட்டையாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானது; ஹென்றி இர்வின் வரைந்த இன்றைய அரண்மனை 1912இல் எழுந்தது. அதே காலத்தில் பிளேக் நோயும் நெரிசலான தெருக்களை உலுக்கியெடுத்தது. 1903இல் சமஸ்தானம் நகர மேம்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்து, கோட்டையைச் சுற்றி அடைந்து கிடந்த வீடுகளைப் பிரித்துப் புதிய குடியிருப்புகளை உருவாக்கியது. அகலமான தெரு, நடுவில் பூங்கா, ஓரத்தில் நிழல் மரம் என்று அன்று போட்ட ஒழுங்கு பல இடங்களில் இன்னும் குலையவில்லை. பழைய கடைவீதியில் ஒரு மைசூர். மேற்கே இந்த விரிவாக்கப் பகுதிகளில் இன்னொன்று.

முதலாவது கடைவீதி. காந்தி சதுக்கம், தன்வந்திரி சாலை, சயாஜி ராவ் சாலை சுற்றுவட்டாரத்தில் சிக்கன லாட்ஜுகள் வரிசையாக உண்டு. செங்குத்தான மாடிப்படி, சிறிய அறை, கீழே இரவு வரை ஓயாத வண்டிச் சத்தம். இங்கே அறை எடுப்பவர் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு ஆசைப்படாமல் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குவது தூக்கத்துக்கு நல்லது. காந்தி சதுக்கத்திலேயே இருக்கும் தாசப்பிரகாஷ் இந்த வட்டாரத்தின் பழைய பெயர். உடுப்பிக்காரர் சீதாராம ராவின் நிறுவனம் அது. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓட்டல் வழியாக அந்தப் பெயர் தமிழருக்கும் பழக்கம். முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த கட்டடம் என்பதால் உள்ளே போனதும் தெருவின் இரைச்சல் குறைந்துவிடும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இங்கே தங்குவதற்கு ஒரே நல்ல காரணம், தேவராஜா மார்க்கெட்டின் காலை. பத்து மணிக்கு மேல் போனால் அது சுற்றுலாப் பயணிகள் குங்குமக் குவியலைப் படமெடுக்கும் இடம். ஆறரை மணிக்கு அது ஊரின் சமையலறையும் பூஜையறையும். பூ வரிசையில் மல்லிகைச் சரத்தைக் கையால் முழம் போட்டு அளக்கிறார்கள். அளக்கும் கை நீளமா குட்டையா என்று வாங்குபவர் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளே வாழை மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை, மூன்றையும் ஒரே நடையில் பார்க்க வாய்ப்பு உண்டு. ரசபாளே எப்போதும் கிடைப்பதில்லை. நோயால் விளைச்சல் குறைந்துபோன பழம் அது. கிடைத்தால் விலை பாராமல் நாலு வாங்கிச் சாப்பிடலாம். குங்குமம், மஞ்சள், வண்ணப் பொடிகள் தட்டில் கூம்பு கூம்பாக நிற்கின்றன. கடைக்காரர் சின்னக் கரண்டியால் எடுத்துத் தாளில் மடித்துத் தந்துவிட்டு, கூம்பின் முனையை மறுபடி கூராக்கிய பிறகுதான் அடுத்தவரைப் பார்க்கிறார்.

இந்த மார்க்கெட் எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2016 ஆகஸ்டில் தன்வந்திரி சாலைப் பக்கத்துப் பகுதி இடிந்து விழுந்தது. அதற்கு நாலு ஆண்டு முன்பே எதிர்ப்புறத்து லான்ஸ்டவுன் கட்டடத்தில் ஒரு பகுதி சரிந்து உயிர்ப்பலி ஆனது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழையதைச் செப்பனிடுவதா என்ற வழக்கு நீண்டுகொண்டே போகிறது. செப்பனிட வேண்டும் என்பதே இந்நூலின் கட்சி. எது நடந்தாலும், பார்க்க நினைப்பவர் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. மார்க்கெட்டின் சயாஜி ராவ் சாலை முகப்பிலேயே குரு ஸ்வீட் மார்ட் இருக்கிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாதான் மைசூர்பாகை முதலில் கிண்டியவர் என்பது ஊர் வழக்கு. கடை அவர் வழிவந்தவர்களுடையது.

இரண்டாவது வட்டாரம் ரயில் நிலையத்தை ஒட்டிய ஜான்சி லட்சுமிபாய் சாலை. மைசூர்க்காரர் வாயில் இது ஜே.எல்.பி. ரோடு. வயதானவர்கள், குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. லிஃப்ட் உள்ள நடுத்தர ஓட்டல்கள், கார் நிறுத்த இடம், கர்நாடக சுற்றுலாக் கழகத்தின் மயூரா ஹொய்சளா எல்லாம் இங்கே. கையில் காசு தாராளமாக இருந்தால் 1920இல் மகாராஜா தன் ஆங்கிலேய விருந்தினருக்காகக் கட்டிய மெட்ரோபோல் இதே சாலையில்தான். தனியாக, ஒரே இரவுக்கு வருபவர் ரயில் நிலைய ஓய்வறைகளையும் மறந்துவிட வேண்டாம். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் காவேரி எக்ஸ்பிரஸ் விடிந்ததும் மைசூரில் இறக்கிவிடுகிறது. தூத்துக்குடி, மதுரை வழி வரும் ரயிலும், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சி வழி வரும் ரயிலும் இரவுப் பயணம்தான். ஓட்டலில் செக்-இன் நண்பகல் பன்னிரண்டு மணி என்றால், காலை ஏழுக்கு வந்தவர் ஐந்து மணி நேரம் பெட்டியோடு உட்கார வேண்டும், அல்லது அரை நாள் வாடகை கூடுதலாகக் கட்ட வேண்டும். பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. ஏழுக்கு நுழைந்தால் மறுநாள் ஏழு வரை அறை நம்முடையது. போனில் பேசும்போதே ‘செக்-அவுட் எப்படி?’ என்று கேட்டுவிடுவது வாடகையைக் கேட்பதைவிட முக்கியம். சென்னையிலிருந்து 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மதியம்தான் வந்து சேர்கிறது.

மூன்று இரவோ அதற்கு மேலோ தங்குபவர் தயங்காமல் மேற்கே போகலாம். யாதவகிரி, ஜெயலட்சுமிபுரம், சரஸ்வதிபுரம், கோகுலம். சுற்றுலாப் பேருந்து நுழையாத தெருக்கள் இவை. ஆர்.கே. நாராயண் கட்டிக் குடியிருந்த வீடு யாதவகிரியில் இருக்கிறது. 2011இல் அதை இடிக்கத் தொடங்கியபோது எதிர்ப்புக் கிளம்பி, மாநகராட்சி வாங்கிச் சீரமைத்து 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ஜெயலட்சுமிபுரத்தில் அரச குடும்பத்துப் பெண்களுக்காகக் கட்டிய சித்தரஞ்சன் அரண்மனை இப்போது கிரீன் ஹோட்டல். அதன் லாபம் அறப்பணிகளுக்குப் போகிறது. தங்காதவர்களும் அதன் தோட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

கோகுலத்தின் கதை தனி. அஷ்டாங்க யோகம் சொல்லிக்கொடுத்த பட்டாபி ஜோயிஸ் 2002இல் லட்சுமிபுரத்திலிருந்து தன் பள்ளியை இங்கே மாற்றினார். உலகம் முழுவதிலுமிருந்து மாணவர்கள் மாதக்கணக்கில் தங்க வந்தார்கள். அவர்களுக்காக வீட்டு மாடிகள் அறைகளாயின, சமையலறையோடு கூடிய சிறு வீடுகள் வாடகைக்கு வந்தன, காலை உணவு தரும் சின்னச் சின்ன கஃபேக்கள் முளைத்தன. இன்றும் வார வாடகை, மாத வாடகைக்கு இடம் தேடுபவருக்கு மைசூரில் முதல் முகவரி கோகுலம்தான். மருத்துவத்துக்காக வந்து பத்துப் பதினைந்து நாள் தங்க வேண்டியவர்கள், மடிக்கணினியோடு வேலை பார்ப்பவர்கள், பரீட்சைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த பெற்றோர் ஆகியோர் ஓட்டலுக்குத் தினவாடகை கொடுப்பதற்கு முன் இங்கே விசாரிப்பது நலம். வெளிநாட்டு மாணவர்கள் கூடும் குளிர்காலத்தில் வாடகை ஏறும். மற்ற மாதங்களில் பேரம் படியும்.

மேற்குப் பக்கம் தங்குவதன் பெரிய பலன் குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் வெட்டுவித்தது. இப்போது மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. காலையில் ஏரிக்கரைப் பாதை நிறைய ஊர்க்காரர்கள்: ஓய்வுபெற்ற பேராசிரியர், கையில் பால் பாக்கெட்டோடு நடப்பவர், தூரநோக்கியோடு நீர்ப்பறவை பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள். கவிஞர் குவெம்பு நடந்த கரை என்று ஒவ்வொருவரும் பெருமையோடு சொல்வார்கள். நடை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக நின்று பேசுகிறார்கள். புதியவர் ஒருவர் ‘இங்கே இட்லிக்கு எங்கே போகலாம்?’ என்று கேட்டால் போதும், இரண்டு பேர் இரண்டு ஓட்டலைச் சொல்லித் தங்களுக்குள் வாதாடத் தொடங்குவார்கள். கேட்டவருக்கு அன்றைய காலை உணவுக்கு வழியும் கிடைக்கும், பேச்சுத் துணையும் கிடைக்கும். தமிழில் கேட்டாலும் பதில் வரும். ‘தயவிட்டு’ என்று கன்னடத்தில் தொடங்கினால் முகம் இன்னும் மலரும்.

மாலையில் இதே பக்கம் கலாமந்திர வளாகத்தில் ரங்காயணம் இருக்கிறது. 1989இல் பி.வி. காரந்த் தலைமையில் தொடங்கிய அரசு நாடகக் கூடம். பூமிகீதா அரங்கில் வார இறுதிகளில் நாடகம் நடக்கும். டிக்கெட் விலை சினிமாவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கன்னடம் புரியாவிட்டாலும் நாடகம் புரியும். நாடகம் தொடங்கும் முன் வாசலில் டீ குடித்தபடி நிற்கும் கூட்டம் இந்த ஊரின் இலக்கியவாதிகளும் மாணவர்களும் ஒன்றாகச் சேரும் இடம். ‘பஹுரூபி’ நாடக விழா நடக்கும் சமயம் அமைந்தால் பல மொழி நாடகங்களைப் பார்க்கலாம். அருகிலேயே வினோபா சாலையில் நஞ்சராஜ பகதூர் சத்திரம். அங்கே கிழங்குத் திருவிழா, பாரம்பரிய அரிசித் திருவிழா என்று விவசாயிகள் நேரடியாக விற்கும் மேளாக்கள் அவ்வப்போது நடக்கின்றன. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ‘ஸ்டார் ஆஃப் மைசூர்’ மாலை நாளிதழைப் புரட்டினால் போதும். ஊர் நிகழ்ச்சிகளுக்கு அதுவே கைவிளக்கு.

கிழக்கே நசர்பாத்தில் தங்குபவருக்கு மிருகக்காட்சி சாலையும் காரஞ்சி ஏரியும் பக்கம். (மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. குழந்தைகளை அழைத்துப்போய் வாசலில் ஏமாற வேண்டாம்.) ஆனால் நசர்பாத் என்றதும் மைசூர்க்காரர் நாக்கில் ஊறுவது மைலாரி தோசை. நசர்பாத் மெயின் ரோட்டில் அதே பெயரில் அடுத்தடுத்து இரண்டு சிறிய கடைகள். எது மூலக்கடை என்ற வழக்கில் பயணி தலையிட வேண்டியதில்லை. நம்மூர் மொறுமொறு தோசையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. இது மெத்தென்று, பஞ்சுபோல் இருக்கும். வாழையிலையில் வைத்து மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. வெண்ணெய் உருகி இலையில் வழியும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். மேசைகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். காலை ஏழரைக்குள் போனால் இடம் கிடைக்கும்.

அந்தப் பக்கமிருந்து சாமுண்டி மலைப் படிகளும் எட்டும் தூரம்தான். மலைக்குக் காரில் போய் வருபவர்கள் பார்க்காத காட்சி, விடியலில் படியேறும் ஊர்க்காரர் கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முக்கால் வழியில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, 16 அடி உயரம், 17ஆம் நூற்றாண்டின் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. சிலர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுவார்கள். அவர்களை இடித்துக்கொண்டு முந்தாமல் ஓரமாக ஏறுவது மரியாதை. மூட்டுவலி உள்ளவர் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 201ஆம் எண் பேருந்தில் மேலே போய், படி வழியே நந்தி வரை மட்டும் இறங்கி வரலாம். ஆடி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மலைப்பக்கம் போவதை யோசித்துச் செய்ய வேண்டும். கன்னட ஆஷாட மாதம் நம் ஆடிக்குச் சற்று முன்பே தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கூட்டம் நெரியும், சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள்.

பேருந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் அது கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும். தமிழ்நாட்டு நகரப் பேருந்துப் பழக்கத்தில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிட்டால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரும்.

எப்போது வருவது? இதில்தான் பணம் மிச்சமாகிறது. மைசூரின் வார இறுதி பெங்களூர்க்காரர்களுடையது. 2023இல் புதிய விரைவுச்சாலை திறந்தபின் அவர்கள் வருவது இன்னும் சுலபமாகிவிட்டது. வெள்ளி மாலையும் சனியும் அறை வாடகை ஏறி நிற்கும். ஞாயிறு மதியம் அவர்கள் கிளம்பியதும் இறங்கும். அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரிவதோ ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, முக்கால் மணி நேரம். ஆகவே ஞாயிறு மதியம் வந்து இறங்கி, குறைந்த வாடகையில் அறை எடுத்து, மாலையில் விளக்கைப் பார்த்து, திங்களும் செவ்வாயும் ஊரைச் சுற்றுவதுதான் மைசூருக்கு ஏற்ற அட்டவணை. பள்ளி விடுமுறை இல்லாதவர்கள் இதை விடக்கூடாது. தசரா பத்து நாட்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. விஜயதசமியன்று 750 கிலோ தங்க அம்பாரியோடு யானை பன்னிமண்டபத்துக்குப் போகும் ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்னதாக அறை பதிவு செய்ய வேண்டும், அல்லது நஞ்சன்கூட்டிலோ ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ தங்கி வந்து போக வேண்டும்.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதிருப்பது எந்த ஊருக்கும் பொருந்தும். மைசூருக்கென்று சில உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மார்ச் முதல் மே வரை தவிர ஏ.சி. தேவைப்படாது. அந்தக் காசைச் சேமித்துப் பெரிய அறையாகக் கேட்கலாம். மார்கழி, தை மாதங்களில் வெந்நீர் அவசியம். ஆனால் பல லாட்ஜுகளில் அது காலையில் சில மணி நேரம்தான். ‘பிஸி நீரு எஷ்டு கண்ட்டே?’ என்று கேட்டால் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ. 7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

ஓட்டலுக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் ‘அந்த லாட்ஜ் மூடிவிட்டார்கள் சார், நல்லதாக ஒன்று காட்டுகிறேன்’ என்றால், அவர் எதிரிலேயே அந்த லாட்ஜுக்கு ஒரு போன் செய்தால் பேச்சு நின்றுவிடும். மார்க்கெட் வாசலில் ‘இன்று மார்க்கெட் லீவு, வேறு இடத்தில் விசேஷச் சந்தை’ என்று அன்பாகப் பேசி வாசனை எண்ணெய்க் கடைக்கு அழைத்துப் போவதும் இதே வகை. சண்டை வேண்டாம். சிரித்துக்கொண்டே ‘பேடா’ என்று சொல்லிவிட்டு உள்ளே நடக்கலாம். ரயில் நிலையத்தில் முன்கட்டண ஆட்டோ நிலையம் இருக்கிறது. மற்ற இடங்களில் ஓலா, ஊபர் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது இருவருக்கும் நியாயம்.

சொந்த வண்டியில் திரும்புபவர்கள் மைசூரை விட்டுக் கிளம்பும் நேரத்தைக் காட்டுப் பாதையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குண்டலுப்பேட்டையைத் தாண்டி பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போகும் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கு 2009 முதல் தடை. ஊட்டிக்குள் நுழைய வெளி வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதை மைசூர் அறையிலிருந்தே போனில் எடுத்துவிடலாம், காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. சாமராஜநகர் வழியே 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம், ஈரோடு போகிறவர்களுக்கும் திம்பத்தில் இரவுத் தடை உண்டு. மாலை நாலு மணிக்கு மேல் மைசூரில் காபி குடித்துக்கொண்டிருந்தால் அன்று இன்னொரு இரவு தங்கிவிடுவதே மேல். ஞாயிறு இரவாக இல்லாவிட்டாலும், வார நாளில் கவுண்டரில் நின்று ‘இன்னொரு நாள்’ என்று கேட்பவருக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.